அரசுக் கட்டிடங்களின் பாதுகாப்பு (தமிழ்நாடு)

அரசுக் கட்டிடங்களின் பாதுகாப்பு என்பது அரசியல் கொந்தளிப்பு, கலவரம், தீவிரவாதத் தாக்குதல் ஆகியவற்றிலிருந்து அரசு அலுவலகங்களையும், அவற்றில் பணிபுரிவோரையும், அங்கு வந்துசெல்லும் பொதுமக்களையும், அங்குள்ள ஆவணங்களையும் காப்பதற்காக மேற்கொள்ளப்படும் நடவடிக்கைகளைக் குறிக்கும். தமிழ்நாட்டில் சென்னை புனித ஜார்ஜ் கோட்டையிலுள்ள தலைமைச் செயலகம் முதல் நாமக்கல் மாவட்டம் கொல்லிமலையில் செம்மேட்டிலுள்ள அலுவலகங்கள் வரை எல்லா நிலைகளிலும் இத்தேவை உள்ளது. எனினும் ஒவ்வோர் இடத்திலும் நிலவும் அச்சுறுத்தலின் தன்மையும் அதற்கேற்ற காப்பு முறையும் வேறுபடுகின்றன.

அரசு அலுவலகம் ஒரே நேரத்தில் இரு பண்புகளைக் கொண்டது. அது அரசதிகாரத்தின் அடையாளமாக இருப்பதால் தாக்குதலுக்கு இலக்காகிறது. அதுவே மக்கள் மனு கொடுக்கும் இடமாகவும் இருப்பதால் அதனை மூடிவைக்க இயலாது. இவ்விரண்டுக்கும் இடையிலான முரண்பாடே இத்துறையின் அடிப்படைச் சிக்கலாகும்.

அச்சுறுத்தலின் வகைகள்

அரசுக் கட்டிடங்களுக்கு நேரும் ஆபத்துகளைப் பின்வருமாறு பிரிக்கலாம்.

1. திட்டமிட்ட ஆயுதத் தாக்குதல்: சிறு குழுவினர் குண்டுவைத்தல், துப்பாக்கியால் சுடுதல், காவல் நிலையத்திலிருந்து ஆயுதங்களைக் கவர்ந்து செல்லுதல்.
2. கூட்ட வன்முறை: போராட்டமாகத் தொடங்கிக் கல்வீச்சு, தீவைப்பு, அத்துமீறி நுழைதல் என முடிபவை.
3. அமைதியான முற்றுகை: ஊர்வலமாக வந்து வாயிலில் அமர்தல், மனு கொடுக்கக் கூட்டமாக வருதல். இது இயல்பில் ஆபத்து அன்று. ஆனால் கையாளும் முறையால் ஆபத்தாக மாறக்கூடும்.
4. தனிமனிதரின் விரக்திச் செயல்: அலுவலக வளாகத்தில் தீக்குளித்தல் போன்றவை.
5. விபத்தும் இயற்கையும்: தீ, வெள்ளம், நிலச்சரிவு.

ஐந்தாவது வகை அரசியல் சார்ந்தது அன்று எனினும் காப்பு ஏற்பாடுகளில் அதனையும் சேர்த்தே கருத வேண்டும். 2012 சனவரியில் சென்னை சேப்பாக்கம் எழிலக வளாகத்தில் அரசு அலுவலகங்கள் இயங்கிவந்த தொன்மையான கலச மகால் தீயில் அழிந்தது. தீயை அணைக்கச் சென்ற தீயணைப்புத் துறை அதிகாரி ஒருவர் உயிரிழந்தார்.

வரலாறு

கோட்டையும் கருவூலமும்

கிழக்கிந்தியக் கம்பெனியினர் 1640களில் புனித ஜார்ஜ் கோட்டையைக் கட்டினர். அக்காலத்தில் நிர்வாகமும் பண்டகசாலையும் படையும் ஒரே மதிலுக்குள் இருந்தன. 1746 இல் பிரெஞ்சுப் படை இக்கோட்டையைக் கைப்பற்றியது. 1749 இல் அது மீண்டும் ஆங்கிலேயர் வசம் வந்தது. அன்று அயல்நாட்டுப் படைகளைத் தடுக்கவே மதிலும் அகழியும் பயன்பட்டன. இன்று அதே மதிலுக்குள் சட்டமன்றமும் தலைமைச் செயலகமும் இயங்குகின்றன.

மாவட்டங்களில் ஆட்சியரகம், கருவூலம், கிளைச்சிறை, நீதிமன்றம் ஆகியவை பெரும்பாலும் அடுத்தடுத்து அமைக்கப்பட்டன. வரிப்பணத்தையும் கைதிகளையும் ஒரே காவலில் வைத்திருக்க இது வசதியாக இருந்தது. அதே காரணத்தால், கிளர்ச்சி எழும்போது கூட்டம் திரளும் இடமாகவும் இவ்வளாகங்கள் ஆயின.

1942: வெள்ளையனே வெளியேறு இயக்கம்

1942 ஆகத்து மாதத்தில் காங்கிரசுத் தலைவர்கள் கைது செய்யப்பட்டதைத் தொடர்ந்து நாடெங்கும் அரசு அலுவலகங்கள் தாக்கப்பட்டன. இன்றைய சிவகங்கை மாவட்டத்திலுள்ள தேவகோட்டையில் நீதிமன்றக் கட்டிடம் தீக்கிரையானது. காவல்துறையினர் நடத்திய துப்பாக்கிச் சூட்டில் பலர் உயிரிழந்தனர். திருவாடானையில் மக்கள் திரண்டு சிறையை உடைத்து, அங்கு அடைக்கப்பட்டிருந்த சின்ன அண்ணாமலையை விடுவித்தனர். கோவைக்கு அருகே சூலூரில் வானூர்தித் தளம் எரிக்கப்பட்டது. செப்டம்பர் மாதத்தில் குலசேகரன்பட்டினம் உப்பளத்தில் நடந்த நிகழ்வில் லோன் என்னும் ஆங்கிலேய அதிகாரி கொல்லப்பட்டார். இவ்வழக்கில் காசிராசன், இராசகோபாலன் ஆகிய இருவருக்கு மரண தண்டனை விதிக்கப்பட்டுப் பின்னர் அது குறைக்கப்பட்டது.

அயலாட்சியின் அடையாளமாகக் கருதப்பட்டதாலேயே இக்கட்டிடங்கள் இலக்காயின. விடுதலைக்குப் பின் அதே கட்டிடங்கள் மக்களின் பொதுச் சொத்தாயின.

1965: மொழிப்போராட்டம்

1965 சனவரி இறுதியில் தொடங்கிய இந்தி எதிர்ப்புப் போராட்டத்தின்போது அஞ்சல் நிலையங்களும் தொடர்வண்டி நிலையங்களும் தாக்கப்பட்டன. இவை நடுவண் அரசின் நிறுவனங்கள் என்பதே காரணமாகும். பிப்ரவரி மாதத்தில் திருப்பூரில் இரு காவல் உதவி ஆய்வாளர்கள் கூட்டத்தினரால் கொல்லப்பட்டனர். பொள்ளாச்சி உட்படப் பல ஊர்களில் துப்பாக்கிச் சூடு நடந்தது. அரசுக் கணக்கின்படி ஏறத்தாழ 70 பேர் உயிரிழந்தனர். போராட்டக்காரர் கோபம் எந்த அரசின் மீது எழுகிறதோ அந்த அரசின் அலுவலகமே ஆபத்துக்கு உள்ளாகும் என்பதற்கு இது எடுத்துக்காட்டாகும்.

2009: உயர் நீதிமன்ற நிகழ்வு

2009 பிப்ரவரி 19 அன்று சென்னை உயர் நீதிமன்ற வளாகத்தில் வழக்கறிஞர்களுக்கும் காவல்துறையினருக்கும் இடையே மோதல் ஏற்பட்டது. இலங்கைப் போர் தொடர்பான கொந்தளிப்பு நிலவிய காலம் அது. காவல்துறையினர் நீதிமன்ற வளாகத்துக்குள் தடியடி நடத்தினர். வளாகத்திலிருந்த காவல் நிலையம் தீவைக்கப்பட்டது. இந்நிகழ்வுக்குப் பின்னும் நீதிமன்றத்துக்குள் போராட்டங்கள் தொடர்ந்தன. 2015 இல், தமிழை உயர் நீதிமன்ற மொழியாக்கக் கோரி வழக்கறிஞர்கள் தலைமை நீதிபதியின் நீதிமன்ற அறையிலேயே போராடினர். அதன்பின் உயர் நீதிமன்றத்தின் ஆணைப்படி 2015 நவம்பர் 16 முதல் சென்னை, மதுரை ஆகிய இரு வளாகங்களின் பாதுகாப்பும் மத்திய தொழிலகப் பாதுகாப்புப் படையிடம் ஒப்படைக்கப்பட்டது.

ஆயுதக் குழுக்களின் தாக்குதல்கள்

தமிழ்நாடு, கருநாடக எல்லைக் காடுகளில் இயங்கிய வீரப்பன் கும்பல் 1992 மே மாதத்தில் கருநாடகத்தின் இராமாபுரம் காவல் நிலையத்தைத் தாக்கி ஐந்து காவலர்களைக் கொன்று ஆயுதங்களைக் கவர்ந்தது. 1998 இல் ஈரோடு மாவட்டம் வெள்ளித்திருப்பூர் காவல் நிலையத்திலிருந்தும் ஆயுதங்கள் பறிக்கப்பட்டன. காட்டோரக் காவல் நிலையம் ஒன்றில் இரவில் சில காவலர்களே இருப்பர். அங்குள்ள துப்பாக்கிகள் காவலுக்கு உதவுவதைப் போலவே, தாக்குவோரை ஈர்க்கும் பொருளாகவும் அமைந்துவிடுகின்றன.

2005 நவம்பர் 13 அன்று பீகாரின் செகனாபாத்தில் மாவோயிஸ்டுகள் சிறையைத் தாக்கி முந்நூற்றுக்கும் மேற்பட்ட கைதிகளை விடுவித்தனர். தேர்தல் பணிக்காகக் காவல்துறையினர் பெரும்பாலோர் வெளியிடங்களுக்கு அனுப்பப்பட்டிருந்த நேரம் அது. இத்தகைய தாக்குதல்களின் விளைவாக, மாவோயிஸ்டு வன்முறை நிலவிய மாநிலங்களில் 400 காவல் நிலையங்களைத் தலா 2 கோடி ரூபாய் செலவில் அரணுடையவையாகக் கட்டும் திட்டத்தை நடுவண் அரசு செயற்படுத்தியது.

2016 இல் தென்னிந்தியாவில் அரசு வளாகங்களைக் குறிவைத்துத் தொடர் குண்டுவெடிப்புகள் நிகழ்ந்தன. ஏப்ரலில் ஆந்திரத்தின் சித்தூர் நீதிமன்றம், சூனில் கேரளத்தின் கொல்லம் ஆட்சியரகம், ஆகத்தில் கருநாடகத்தின் மைசூர் நீதிமன்றம், செப்டம்பரில் நெல்லூர் நீதிமன்றம், நவம்பரில் மலப்புறம் ஆட்சியரகம் ஆகிய வளாகங்களில் குண்டுகள் வெடித்தன. அந்நவம்பர் மாதத்திலேயே தேசியப் புலனாய்வு முகமை மதுரைப் பகுதியில் சிலரைக் கைது செய்தது. கொல்லம் வழக்கில் மூவருக்கு 2024 நவம்பரில் வாழ்நாள் சிறைத் தண்டனை விதிக்கப்பட்டது. பொதுமக்கள் தடையின்றி வாகனங்களை நிறுத்தும் இடங்கள் இவ்வளாகங்களில் இருந்ததை இத்தொடர் நிகழ்வுகள் வெளிப்படுத்தின.

பாதுகாப்பு முறைகள்

நவீனக் காப்பு முறை பல அடுக்குகளைக் கொண்டது. ஓர் அடுக்கு தவறினாலும் அடுத்த அடுக்கு தடுக்கும் என்பதே இதன் கோட்பாடு.

தொலைவு. வெடிப்பின் விசை, தொலைவு கூடக் கூட வேகமாகக் குறையும். ஆகவே வாகனங்கள் கட்டிடச் சுவரை நெருங்காதபடி தள்ளி நிறுத்தச் செய்வதே மிகவும் பயனுள்ள முறையாகக் கருதப்படுகிறது. இதற்காகச் சாலையோரத்தில் குட்டையான இரும்புத் தூண்கள் நடப்படுகின்றன. கனத்த கற்காரைப் பூந்தொட்டிகளும் வைக்கப்படுகின்றன. நகர நடுவிலுள்ள பழைய அலுவலகங்களில் போதிய இடமில்லாததால் இம்முறையை முழுமையாகப் பின்பற்ற முடிவதில்லை.

வாயில். உலோகங்காட்டும் கதவு, பைகளைச் சோதிக்கும் ஊடுகதிர்க் கருவி, வாகனத்தின் அடிப்பகுதியைப் பார்க்கும் கண்ணாடி, நுழைவுச்சீட்டு ஆகியவை இவ்வடுக்கில் அடங்கும். 2001 திசம்பர் 13 அன்று இந்திய நாடாளுமன்றத்தைத் தாக்கிய ஐவரும் உள்துறை அமைச்சகத்தின் போலி ஒட்டுச்சீட்டு ஒட்டிய காரில் வளாகத்துக்குள் நுழைந்தனர். காவலர்களும் தோட்டப் பணியாளர் ஒருவரும் உட்பட ஒன்பது பேர் உயிரிழந்தனர். தாக்கியவர்கள் அனைவரும் சுட்டுக் கொல்லப்பட்டனர். சரியாக இருபத்திரண்டு ஆண்டுகள் கழித்து, 2023 திசம்பர் 13 அன்று, முறையான நுழைவுச்சீட்டுடன் வந்த இருவர் பார்வையாளர் மாடத்திலிருந்து மக்களவைக்குள் குதித்து வண்ணப் புகையைப் பரப்பினர். நாடாளுமன்ற வளாகத்தின் பாதுகாப்பு 2024 மே மாதத்தில் மத்திய தொழிலகப் பாதுகாப்புப் படைக்கு மாற்றப்பட்டது. போலிச் சீட்டும் உண்மைச் சீட்டும் ஒரே அளவு ஆபத்தாகலாம் என்பதை இவ்விரு நிகழ்வுகளும் காட்டுகின்றன.

கட்டிடம். குண்டுவெடிப்பில் காயமடைவோரில் பலர் உடைந்து சிதறும் கண்ணாடியாலேயே காயமடைகின்றனர். சன்னல்களில் ஒட்டப்படும் மெல்லிய நெகிழித் தாள் கண்ணாடி சிதறுவதைக் குறைக்கும். ஒரு தூண் விழுந்தாலும் கட்டிடம் முழுவதும் சரியாதபடி அமைத்தல், மாற்று வழிகள், தீயணைப்பு நீர்க்குழாய்கள் ஆகியனவும் இவ்வடுக்கைச் சேர்ந்தவை.

ஆவணம். பத்திரப் பதிவு அலுவலகமோ வட்டாட்சியர் அலுவலகமோ எரிந்தால் இழப்பு கட்டிடத்தோடு முடிவதில்லை. நிலவுரிமை, பிறப்பு, சாதி ஆகியவற்றுக்கான சான்றுகளை இழந்து சாதாரண மக்களே துன்புறுவர். தமிழ்நாட்டில் 2000 முதல் பத்திரப் பதிவு கணினிமயமாக்கப்பட்டதும், நிலப் பதிவேடுகள் இணையவழிக்கு மாற்றப்பட்டதும் இவ்வகை இழப்பைக் குறைத்துள்ளன. வேறிடத்தில் படி வைத்திருப்பது எந்த மதிலைவிடவும் ஆவணங்களுக்கு நல்ல காப்பாகும்.

ஆட்கள். மாவட்ட அலுவலகங்களை உள்ளூர்க் காவல்துறையும் மாவட்ட ஆயுதப்படையும் காக்கின்றன. பதற்றக் காலங்களில் தமிழ்நாடு சிறப்புக் காவல் படையினர் வரவழைக்கப்படுகின்றனர். நடுவண் அரசின் பல கட்டிடங்களை 1969 இல் உருவாக்கப்பட்ட மத்திய தொழிலகப் பாதுகாப்புப் படை காக்கிறது.

சட்ட ஏற்பாடுகள்

இந்திய அரசியலமைப்பின் 19 ஆவது உறுப்பு, ஆயுதமின்றி அமைதியாகக் கூடும் உரிமையைக் குடிமக்களுக்கு வழங்குகிறது. பொது ஒழுங்கின் பொருட்டு நியாயமான கட்டுப்பாடுகளை விதிக்கவும் அவ்வுறுப்பு இடமளிக்கிறது.

பொதுச் சொத்துச் சேதத் தடுப்புச் சட்டம், 1984 நடுவண் அரசின் சட்டமாகும். பொதுச் சொத்தைச் சேதப்படுத்துவோருக்கு ஐந்து ஆண்டுகள் வரையும், தீ அல்லது வெடிபொருளால் சேதப்படுத்துவோருக்குப் பத்து ஆண்டுகள் வரையும் சிறைத் தண்டனை விதிக்க இது வழிசெய்கிறது. தமிழ்நாட்டில் 1992 ஆம் ஆண்டின் சொத்துச் சேதம் மற்றும் இழப்புத் தடுப்புச் சட்டமும் நடைமுறையில் உள்ளது.

2009 ஏப்ரலில் இந்திய உச்ச நீதிமன்றம், போராட்டங்களின்போது ஏற்படும் சேதத்துக்கு இழப்பீடு பெறுவது குறித்து வழிகாட்டு நெறிகளை வகுத்தது. முன்னாள் நீதிபதி கே. டி. தாமசு, மூத்த வழக்கறிஞர் பாலி நாரிமன் ஆகியோர் தலைமையிலான இரு குழுக்களின் பரிந்துரைகளை அது அடிப்படையாகக் கொண்டது.

கூட்டம் கூடுவதைத் தடைசெய்யும் ஆணை நெடுங்காலம் குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 144 ஆவது பிரிவின்கீழ் பிறப்பிக்கப்பட்டது. 2024 சூலை 1 முதல் பாரதிய நாகரிக் சுரக்சா சன்கிதாவின் 163 ஆவது பிரிவு அதன் இடத்தைப் பெற்றுள்ளது. பேச்சுவழக்கில் "144 தடை" என்னும் பெயர் இன்னும் நிலைத்துள்ளது. சட்டவிரோதக் கூட்டத்தைக் கலைக்க நிர்வாக நடுவரோ காவல் நிலையப் பொறுப்பு அதிகாரியோ ஆணையிடலாம். எச்சரிக்கை செய்தல், தேவைக்கு மிகாத பலத்தைப் பயன்படுத்தல் ஆகியவை இதன் அடிப்படை விதிகளாகும்.

ஆட்சியரகமும் மனுதாரர்களும்

தமிழ்நாட்டில் ஒவ்வொரு திங்கட்கிழமையும் மாவட்ட ஆட்சியர் அலுவலகங்களில் மக்கள் குறைதீர்க்கும் நாள் கூட்டம் நடைபெறுகிறது. பட்டா, முதியோர் உதவித்தொகை, குடிநீர், கந்துவட்டிக் கொடுமை எனப் பலவகைக் குறைகளுடன் மக்கள் அங்கு வருகின்றனர். எனவே ஆட்சியரகத்தின் பாதுகாப்பு, தலைமைச் செயலகத்தின் பாதுகாப்பிலிருந்து மாறுபட்டது. பின்வரும் மூன்று நிகழ்வுகள் இவ்வகையில் குறிப்பிடத்தக்கவை.

திருநெல்வேலி, 1999. மாஞ்சோலைத் தேயிலைத் தோட்டத் தொழிலாளர்களின் கோரிக்கைகளை முன்வைத்து 1999 சூலை 23 அன்று அரசியல் கட்சியினரும் தொழிலாளர்களும் ஆட்சியரகம் நோக்கி ஊர்வலமாகச் சென்றனர். காவல்துறையினர் தடியடி நடத்தியபோது மக்கள் அருகிலிருந்த தாமிரபரணி ஆற்றுக்குள் ஓடினர். இரு பெண்களும் ஒரு குழந்தையும் உட்பட 17 பேர் உயிரிழந்தனர். நீதிபதி மோகன் ஆணையம் இதனை விசாரித்தது.

திருநெல்வேலி, 2017. கந்துவட்டிக் கொடுமை குறித்து ஏற்கனவே பலமுறை மனு அளித்திருந்ததாகக் கூறப்பட்ட தொழிலாளி ஒருவர், 2017 அக்டோபர் 23 திங்கட்கிழமை அன்று மனைவியுடனும் இரு பெண் குழந்தைகளுடனும் ஆட்சியரக வளாகத்தில் தீக்குளித்தார். நால்வரும் உயிரிழந்தனர். இதன்பின் ஆட்சியரக வாயில்களில் மண்ணெண்ணெய்ப் புட்டிகளைக் கண்டறிவதற்கான சோதனை கடுமையாக்கப்பட்டது. இச்சோதனை உயிர்களைக் காக்க உதவும். எனினும் மனு தீர்க்கப்படாமை என்னும் மூலக் காரணத்தை வாயிற்சோதனையால் நீக்க இயலாது.

தூத்துக்குடி, 2018. இசுடெர்லைட் தாமிர உருக்காலையின் விரிவாக்கத்தை எதிர்த்து அ. குமரெட்டியாபுரம் மக்கள் 2018 பிப்ரவரியில் தொடங்கிய போராட்டத்தின் நூறாவது நாள் மே 22 ஆகும். அன்று ஆட்சியரகத்தை முற்றுகையிடப் போவதாக முன்பே அறிவிக்கப்பட்டிருந்தது. முதல்நாள் மாலை நகரின் சில பகுதிகளில் 144 தடையாணை பிறப்பிக்கப்பட்டது. பள்ளித் திடல் ஒன்றில் மட்டும் போராட அனுமதி தரப்பட்டது. தடையை மீறி ஆயிரக்கணக்கானோர் ஆட்சியரகம் நோக்கிச் சென்றனர். கல்வீச்சும் வாகன எரிப்பும் நடந்தன. காவல்துறையினரின் துப்பாக்கிச் சூட்டில் அந்நாளிலும் அடுத்த நாளிலுமாக 13 பேர் கொல்லப்பட்டனர். அவர்களுள் 17 வயது மாணவி ஒருவரும் அடங்குவார். மே 28 அன்று ஆலையை மூட மாநில அரசு ஆணையிட்டது. ஆலையை மீண்டும் திறக்க அனுமதி கோரிய மேல்முறையீட்டை உச்ச நீதிமன்றம் 2024 பிப்ரவரி 29 அன்று தள்ளுபடி செய்தது.

இந்நிகழ்வை விசாரித்த நீதிபதி அருணா செகதீசன் ஆணையத்தின் இறுதி அறிக்கை 2022 மே மாதத்தில் அரசிடம் அளிக்கப்பட்டு, அக்டோபர் மாதத்தில் சட்டமன்றத்தில் வைக்கப்பட்டது. உளவுத்துறை முன்கூட்டியே எச்சரித்திருந்தும் போதிய முன்னேற்பாடுகள் செய்யப்படவில்லை என்றும், தப்பி ஓடியவர்கள் மீதும் சுடப்பட்டது என்றும், காவல்துறையினர் வரம்பு மீறினர் என்றும் ஆணையம் கண்டது. காவல்துறையினர் 17 பேர் மீதும் அப்போதைய மாவட்ட ஆட்சியர் மீதும் நடவடிக்கை எடுக்க அது பரிந்துரைத்தது.

பாதுகாப்பு நோக்கில் இந்நிகழ்வின் படிப்பினை தெளிவானது. அலுவலக வாயிலை அடையும்போது கூட்டத்தைத் தடுக்க முயல்வது கடைசி அடுக்காகும். அதற்கு முந்தைய அடுக்குகளான பேச்சுவார்த்தை, பொறுப்பான அதிகாரி மக்களைச் சந்தித்தல், ஊர்வலத்துக்குரிய பாதையையும் இடத்தையும் உடன்பாட்டுடன் வகுத்தல், போதிய எண்ணிக்கையில் காவலர்களை முன்னதாகவே நிறுத்துதல் ஆகியவை தவறினால், துப்பாக்கி ஒன்றே மிஞ்சும். எரிந்த வாகனத்துக்கும் உடைந்த கண்ணாடிக்கும் ஈடு செய்யலாம். உயிருக்கு ஈடு இல்லை.

மலைப்பகுதிகள்: கொல்லிமலை

கொல்லிமலை கிழக்குத் தொடர்ச்சி மலையின் ஒரு பகுதியாகும். 1997 இல் சேலம் மாவட்டத்திலிருந்து பிரிக்கப்பட்ட நாமக்கல் மாவட்டத்தில் இது அமைந்துள்ளது. மக்களில் பெரும்பான்மையோர் மலையாளி என்னும் பழங்குடியினர். ஊராட்சிகள் "நாடு" என்னும் பெயரால் வழங்குகின்றன. அடிவாரமான காரவள்ளியிலிருந்து செல்லும் மலைச்சாலையில் 70 கொண்டை ஊசி வளைவுகள் உள்ளன.

இத்தகைய இடத்தில் அரசுக் கட்டிடங்களின் பாதுகாப்பு சமவெளியிலிருந்து இருவகைகளில் வேறுபடுகிறது. முதலாவது, நேரம். நாமக்கல்லில் உள்ள ஆயுதப்படையோ தீயணைப்பு வண்டியோ வளைவுகளைக் கடந்து மேலேற நெடுநேரம் ஆகும். மழைக்காலத்தில் மண்சரிவு ஏற்பட்டால் சாலையே அடைபடக்கூடும். எனவே மலைமீதுள்ள அலுவலகம் முதல் சில மணி நேரத்துக்குத் தன்னையே நம்பியிருக்க வேண்டும். தீயணைப்புக் கருவி, மாற்று மின்சாரம், தொலைத்தொடர்பு, ஆவணங்களின் மறுபடி ஆகியவை இங்கு மதிலைவிட முதன்மையானவை.

இரண்டாவது, மக்களுடனான உறவு. மலையில் ஒரு காவல் நிலையத்தையோ வனத்துறை அலுவலகத்தையோ சுற்றி வாழ்வோர் அனைவரும் ஒருவரையொருவர் அறிந்தவர்கள். அயலார் நடமாட்டத்தை முதலில் காண்பவர்கள் அவர்களே. அவர்கள் அலுவலகத்தைத் தம்முடையதாகக் கருதினால் அதுவே வலிய காவல். அவ்வாறு கருதாவிட்டால் எத்தனை துப்பாக்கி வைத்தாலும் அவ்வலுவலகம் தனித்தே நிற்கும்.

இதன் மறுபக்கத்தைக் காட்டும் நிகழ்வு, அதே மலையாளிப் பழங்குடியினர் வாழும் தருமபுரி மாவட்டத்தின் வாச்சாத்தியில் நடந்தது. சந்தனமரக் கடத்தலைத் தேடுவதாகக் கூறி 1992 சூன் 20 அன்று வனத்துறை, காவல்துறை, வருவாய்த்துறையினர் அவ்வூருக்குள் புகுந்தனர். வீடுகள் சூறையாடப்பட்டன, 18 பெண்கள் பாலியல் வன்கொடுமைக்கு ஆளாயினர். ஊர்மக்கள் அரூர் வனத்துறை அலுவலகத்துக்குக் கொண்டுசெல்லப்பட்டு அடைத்துவைக்கப்பட்டனர். குற்றஞ்சாட்டப்பட்ட 269 பேரில் அதற்குள் இறந்தவர்கள் போக எஞ்சிய 215 பேரும் குற்றவாளிகள் எனத் தருமபுரி நீதிமன்றம் 2011 செப்டம்பர் 29 அன்று தீர்ப்பளித்தது. சென்னை உயர் நீதிமன்றம் 2023 செப்டம்பர் 29 அன்று அத்தீர்ப்பை உறுதிசெய்தது. அரசுக் கட்டிடம் ஒன்று மக்களை அடைத்துவைக்கும் இடமானால், அதன் பெயரே அச்சத்தைத் தரும். தீவிரவாதக் குழுக்கள் வேரூன்ற முயல்வது அத்தகைய அச்சம் நிலவும் ஊர்களிலேயே ஆகும்.

பிற நாடுகளில்

ஐக்கிய அமெரிக்கா. 1995 ஏப்ரல் 19 அன்று ஓக்லகோமா நகரில் அரசுக் கட்டிடத்தை ஒட்டி நிறுத்தப்பட்ட சரக்குந்தில் இருந்த குண்டு வெடித்து 168 பேர் கொல்லப்பட்டனர். தாக்கியவர் அந்நாட்டுக் குடிமகனே ஆவார். அதன்பின் நடுவண் அரசுக் கட்டிடங்கள் அனைத்தும் ஆபத்தின் அளவுக்கேற்ப ஐந்து நிலைகளாக வகைப்படுத்தப்பட்டன. 2021 சனவரி 6 அன்று தேர்தல் முடிவை ஏற்காத கூட்டத்தினர் நாடாளுமன்றக் கட்டிடத்துக்குள் புகுந்தனர். அதனைச் சுற்றி எழுப்பப்பட்ட உயர்ந்த வேலி அவ்வாண்டு சூலை மாதத்தில் அகற்றப்பட்டது.

இலங்கை. 1981 மே இறுதி நாளின் இரவில் யாழ்ப்பாணப் பொது நூலகம் எரிக்கப்பட்டது. ஏறத்தாழ 97,000 நூல்கள் அழிந்தன. அமைதி காக்க அனுப்பப்பட்டிருந்த காவல்துறையினரே இதில் ஈடுபட்டனர் என்பது இந்நிகழ்வைத் தனித்துவமாக்குகிறது. 1996 சனவரி 31 அன்று கொழும்பிலுள்ள மத்திய வங்கி மீது விடுதலைப் புலிகள் நடத்திய சரக்குந்துக் குண்டுத் தாக்குதலில் 91 பேர் உயிரிழந்தனர். அதன்பின் கோட்டைப் பகுதியின் பல சாலைகள் ஆண்டுக்கணக்கில் கடுங்காவலில் இருந்தன.

2022 சூலை 9 அன்று, பொருளாதார நெருக்கடியால் கொதித்தெழுந்த மக்கள் கொழும்பில் குடியரசுத் தலைவர் மாளிகைக்குள்ளும் செயலகத்துக்குள்ளும் நுழைந்தனர். குடியரசுத் தலைவர் கோத்தாபய ராசபக்ச நாட்டை விட்டு வெளியேறிப் பதவி விலகினார். புதிய அரசு செப்டம்பர் மாதத்தில் கொழும்பின் முதன்மையான அரசுக் கட்டிடங்களைச் சுற்றி உயர் பாதுகாப்பு வலயங்களை அறிவித்தது. கடும் எதிர்ப்பு எழவே சில நாட்களில், அக்டோபர் 1 அன்று, அவ்வறிவிப்பு திரும்பப் பெறப்பட்டது.

விவாதங்கள்

அரசுக் கட்டிடங்களின் காப்பு ஏற்பாடுகள் குறித்து இருவகைக் கருத்துகள் நிலவுகின்றன. ஊழியர்களின் உயிருக்கும் பொதுச் சொத்துக்கும் அரசே பொறுப்பு. ஒரு தாக்குதல் நடந்தபின் வருந்துவதைவிட முன்கூட்டியே சோதனைகளைக் கடுமையாக்குவது மேல் என்பது ஒரு கருத்து. நாடாளுமன்றத் தாக்குதலும் 2016 ஆம் ஆண்டின் குண்டுவெடிப்புகளும் இதற்கு வலுச்சேர்க்கின்றன.

காப்பு ஏற்பாடுகள் தற்காலிகமாகத் தொடங்கி நிலையாகிவிடுகின்றன என்பதும், அவற்றின் சுமை முதலில் ஏழைகள் மீதே விழுகிறது என்பதும் மறுகருத்து. காரில் வருபவர் வணக்கத்துடன் உள்ளே அனுப்பப்பட, பேருந்தில் வந்த மூதாட்டியின் பை கொட்டிச் சோதிக்கப்படுவதை இக்கருத்தினர் சுட்டுகின்றனர். போராடும் இடத்தை ஊருக்கு வெளியே ஒதுக்குவதால் குறைகள் அதிகாரிகளின் கண்ணுக்குத் தெரியாமல் போகின்றன என்றும் அவர்கள் கூறுகின்றனர்.

இரு கருத்துகளையும் இணைக்கும் சில நடைமுறைகள் பரிந்துரைக்கப்படுகின்றன. அவையாவன: மனுப்பெறும் கூடத்தைப் பிற அலுவலக அறைகளிலிருந்து பிரித்து வாயிலுக்கு அருகிலேயே அமைத்தல்; எல்லா வருகையாளர்களுக்கும் ஒரே வகைச் சோதனை; தடையாணைகளுக்குக் கால வரம்பு; ஒவ்வொரு துப்பாக்கிச் சூட்டுக்கும் பிறகு சார்பற்ற விசாரணை; விசாரணை ஆணையங்களின் பரிந்துரைகளைக் கிடப்பில் போடாமல் நிறைவேற்றுதல்.

மதிலும் காவலும் ஆயுதத்துடன் வருவோரைத் தடுப்பதற்கு உரியவை. மனுவுடன் வருவோருக்கு அவை தடையாகாதிருத்தல் வேண்டும். ஆட்சியரகமாயினும் கொல்லிமலையின் சிறு அலுவலகமாயினும், கட்டிடம் சேதமின்றி நிற்பதோடு அதற்குள் மக்கள் அச்சமின்றிச் சென்று திரும்புவதும் பாதுகாப்பின் அளவுகோலாகும்.